டொங்கா நாட்டின் துடக்குக் கணக்கு

1

இந்தக் கதை டொங்காவில் நடந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு டொங்கா எங்கே என்று என்னிடம் கேட்டு வரக்கூடாது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சிவபாதசுந்தரம் மாஸ்டரின் புவியியல் டியூட்டுக்காக, அதாவது வகுப்பில் கொடுக்கும் குறிப்புத்தாளுக்காக, நான் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒன்றரைப் பக்கம்தான். 'சிறு தீவு நாடுகளில் இயற்கைச் சனத்தொகை அதிகரிப்பின் போக்கு' என்று தலைப்பு. தொண்ணூற்றாறாம் ஆண்டு. மாஸ்டர் கொழும்பில், வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் இருந்த வீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கியை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பகலில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூவ் பார்த்தேன்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போதே இதற்குள் ஒரு கதை இருக்கிறது என்று தோன்றியது. (எழுதுகிறவனுக்குத் தோன்றுவதில் பாதி மத்தியானம் சாப்பிட்ட பருப்பின் வேலை. எதற்கும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.) முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"டொங்காவில் விடிந்தது. தென்னைகள் அசைந்தன. தன் ஏழாவது பிள்ளையின் அழுகுரல் கேட்டுக் கண்விழித்த மீனவன்"

இதற்கு மேல் போகவில்லை. மீனவனுக்கு ஒரு பெயர் வேண்டும், என் கையில் டொங்காப் பெயர் ஒன்றுகூட இல்லை. தென்னை அசைந்தது என்று எழுதினால் வெள்ளவத்தைத் தென்னைதான் அசைந்தது. அதற்குப் பின்னால் பாணந்துறை ரயில் வேறு சத்தம் போட்டுக்கொண்டு போனது. இரண்டாவது தொடக்கம்:

"மனிதர்கள் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில்"

நடுவில் என்ன என்று தெரிந்திருந்தால் நான் ஏன் புரூவ் பார்க்கப் போகிறேன்? இரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். கதையை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிட்டேன். டொங்கா இனி மாஸ்டர் வாயில் மட்டும் வரும்.

2

மாஸ்டர் அந்த டியூட்டை வகுப்பில் நடத்தியது எனக்கு மொட்டைமாடிவரை கேட்டது. அவர் குரல் அப்படி.

"பிறந்த ஆக்களில இருந்து செத்த ஆக்களைக் கழியுங்கோ. வாறதுதான் இயற்கை அதிகரிப்பு. பிளேனில போறவன், கப்பலில வாறவன் ஒருத்தரும் இந்தக் கணக்குக்குள்ள வரமாட்டினம். விளங்குதோ?"

விளங்கவில்லை என்று பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"சரி. துடக்குத் தெரியுந்தானே? பிள்ளை பிறந்தாத் துடக்கோ?"

"ஓம் சேர்."

"ஆள் செத்தா?"

"துடக்கு சேர்."

"கனடாவுக்குப் போனா?"

"இல்லை சேர்!"

"அவ்வளவுதான் இயற்கை அதிகரிப்பு. துடக்கு வாறது எல்லாம் கணக்கு. துடக்கு வராதது புலம்பெயர்வு. சோதினையில இப்பிடி எழுதிப்போட்டு வந்து என்னைப் பேசாதையுங்கோ."

[வேறிடங்களில் தீட்டு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் துடக்கு. தகப்பன்வழிப் பங்காளி வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தாலும் சரி, ஒருவர் இறந்தாலும் சரி, மாஸ்டர் வீட்டு வழக்கப்படி முப்பத்தொரு நாள். கோயிலில்லை, கல்யாணமில்லை. பங்காளி அடுத்த வீட்டு வளவில் இருந்தாலும் அலாஸ்காவில் இருந்தாலும் ஒன்றுதான். என் சனத்திலும் தீட்டு உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு லீவு கிடையாது, அதனால் சீக்கிரம் முடித்துவிடுவோம்.]

டொங்காவில் பிறப்பு அதிகம், இறப்பு குறைவு. அப்படியிருந்தும் நாட்டில் சனம் ஒரு லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. மிச்சமெல்லாம் நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விடுகிறது. இதை மாஸ்டர் சொன்ன விதம்: "வளவு சின்னன், சந்ததி பெரிசு. எங்கட பகுதியைப் போல."

அவருடைய பகுதியில் இங்கே மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் மாஸ்டர். மற்றவர் அவர் அண்ணன் நவரத்தினம். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்த முந்திய ஐப்பசியில் அவரும் நடந்து, வன்னியில் எங்கோ இருந்தார். மற்றப் பங்காளிகள் எல்லாரும் டொரொன்டோ, லண்டன், பாரிஸ், சூரிச். போன இடமெல்லாம் அவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள்.

3

இனி கதைக்கு ஒரு பிரச்சினை வேண்டும். அதை நான் தேடவில்லை; கீழ்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டரின் ஒரே மகள் பாலேஸ்வரி.

அவளுக்கு டென்மார்க்கில் யோகநாதன் என்று ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தது. பேசியிருந்தது என்பது பெற்றோருக்காகச் சொல்வது. இருவரும் அதற்கு முன்பே பல வருஷம் கடிதம் எழுதியவர்கள். அவன் லீவில் வருவான், கல்யாண நாள் வைப்பார்கள், உலகத்தில் எங்காவது ஒரு பங்காளிக்குப் பிள்ளை பிறக்கும். முதல் தடவை டொரொன்டோவில் ஓர் ஆண். லீவு முடிந்து மாப்பிள்ளை போய்விட்டான். அடுத்த தடவை சூரிச்சில் இரட்டை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துடக்குத்தான், லாபம்" என்று மாஸ்டர் சொல்ல, மனைவி பத்மாவதி அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

இது மூன்றாவது லீவு. நாள் வைத்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. பாலேஸ்வரி தாயிடம் சொன்னதை நான் படியேறும்போது கேட்டேன்.

"இந்த முறையும் குழம்பினா அவர் இனி வரமாட்டார் அம்மா. வாங்கோ எண்டு நானும் எழுதமாட்டன். எனக்கு வெக்கமாயிருக்கு."

சொல்லிவிட்டுத் தலையணை உறையை உதறினாள். அந்த உதறலுக்குப் பிறகு எனக்கு டொங்காவில் எந்த அக்கறையும் இல்லாமல் போய்விட்டது.

4

[இந்த இடத்தில் எனக்கு யோகநாதனை நம்பமுடியவில்லை. இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியவன் மூன்றாம் தடவையும் பிளேன் ஏறுவானா? இப்படி நல்லவனை எழுதினால் வாசகர் என்னைச் சந்தேகிப்பார். ஆகவே ஒரு குறை வைக்கிறேன்: அவன் எதைச் சாப்பிட்டாலும் "டென்மார்க்கில இது இல்லை" என்பான். இடியப்பத்துக்குச் சொன்னான், சரி. தண்ணீருக்கும் சொன்னான்.]

"எழுத்து முடிஞ்சுதுதானே, பிறகென்ன துடக்கு, பேசாமல் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவன் ஒரு நாள் வாய்விட்டான். பதிவுத் திருமணம் அப்போது முடிந்துதான் இருந்தது. பதில் பாலேஸ்வரியிடமிருந்து வந்தது. "எழுத்து அவங்கட விசாவுக்கு. தாலி எனக்கு." அவன் தண்ணீரைக் குடித்தான். டென்மார்க்கில் இல்லாத தண்ணீர்.

5

வழி சொன்னவர் கோயில் ஐயர். துடக்கு, பிறந்த நேரத்திலிருந்தா, அறிந்த நேரத்திலிருந்தா என்று மாஸ்டர் அவரிடம் வாதாடி, கடைசியில் ஒரு வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்: தூரதேசத்துத் துடக்கு காதில் விழுந்த பிறகுதான் ஒட்டும்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து அறிவித்தார். "தாலி ஏறும்வரைக்கும் இந்த வீட்டில ஒருத்தரும் ஒண்டையும் அறியப்படாது."

நாற்பது வருஷமாக அறிவு, அறிவு என்று பிள்ளைகளின் தலையில் குட்டியவர் இவர்.

டெலிபோன் கீழ்த்தளத்தில், வீட்டுக்காரி ரபீக்காவின் ஹோலில் இருந்தது. வெளிநாட்டுக் கோல் வந்தால் அவள் படிக்கட்டுக்கு வந்து கூப்பிடுவாள், மாஸ்டர் இறங்கிப் போவார். இனி அவர் போகக்கூடாது. பத்மாவதியும் போகக்கூடாது. அப்படியானால் யார்? மாஸ்டர் மொட்டைமாடிக்கு ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தம்பி அழகுமுத்து, உமக்கு எந்த ஊர்?"

"பதுளைப் பக்கம் சார். தோட்டம்."

"அப்பா பகுதி?"

"அவரும் தோட்டம்தான் சார். தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவரு."

"யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் இல்லை? கலியாணம் கட்டின வழியில? ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட?"

"இல்ல சார்."

அவர் முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்தார் ஊரும் பகுதியும் விசாரித்து நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். முடிவில் முகம் சுருங்குவதுதான் வழக்கம். எனக்கும் அவருக்கும் ஒரு சொட்டு உறவும் இல்லை என்று கண்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. டெலிபோன் எடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. கூலியாக இரவுச் சாப்பாடு.

வேலை இதுதான்: கோலை எடுப்பது, கேட்பது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது. யோசித்துப் பார்த்தால் கதை எழுதுகிறவன் செய்வதும் வேறொன்றுமில்லை. எனக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. முதல் தடவையாக அந்தத் தொழிலுக்கு எனக்குச் சோறு கிடைத்தது.

6

ரபீக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "இதென்ன கூத்து மாஸ்டர்? எங்களுக்கு புள்ள கெடச்சா ஸ்வீட் குடுப்போம். நீங்க ஓடுறீங்களே!"

ஓடினார் என்பது உயர்வு நவிற்சி இல்லை. டெலிபோன் அடித்தால் மாஸ்டர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேவாரம் பாடுவார். வெளியே போகும்போது காதில் பஞ்சு. தபாற்காரர் கொண்டுவரும் கடிதங்கள் உடைபடாமல் அரிசி டின்னுக்குள் போயின. காலிக்குப் போகும் வீதியில் ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் எதிர்ப் பக்கம் கடப்பார்.

ஒரு நாள் மார்க்கெட்டடியில் தெரிந்தவர் ஒருவர் வீதிக்கு அப்பாலிருந்து கையை ஆட்டி, "மாஸ்டர்! விசயம் கேள்விப்பட்டனீங்களோ?" என்று கத்தினார். பஞ்சையும் தாண்டி அது கேட்டிருக்க வேண்டும். மாஸ்டர் புறப்பட்டுக்கொண்டிருந்த நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கி ஏறிவிட்டார். (அந்த மனிதர் சொல்ல வந்தது சின்ன வெங்காயம் விலையேறிய விசயம்.) பஸ் தெகிவளையைத் தாண்டி ஒரு செக்பொயின்ற்றில் நின்றது. எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் கேட்டார்:

"கொஹெத யன்னே?"

எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு, கொழும்பில் இருந்த எந்தத் தமிழனும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். மாஸ்டரிடம் பதில் இல்லை. அவர் எங்கும் போகவில்லையே! ஒரு குழந்தை பிறந்திருக்கலாம், அதைக் கேட்காமல் இருப்பதற்காகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? அவர் புவியியல் வாத்தியார், தெரிந்ததைச் சொன்னார்: சனத்தொகை. காதிலிருந்த பஞ்சு அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. பின்னேரம் ரபீக்காவின் கணவர் ஸஹாப்தீன் போய், "மே மாத்தயா ஹொந்த மனுஸ்ஸயெக்" என்று நல்ல மனிதருக்கு உத்தரவாதம் கொடுத்துக் கூட்டிவந்தார்.

"என்ன கேட்டவங்கள்?" என்றாள் பத்மாவதி.

"வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டவங்கள். மூண்டு பேர், கெதியில ரெண்டாகும் எண்டு சொன்னனான். ஏன் குறையுது எண்டு கேட்டு ஒரு மணித்தியாலம் இருத்தி வைச்சிட்டாங்கள்."

பாலேஸ்வரி அடுப்படியில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

[இந்த அத்தியாயத்தைப் பயமாக எழுதுவதா, சிரிப்பாக எழுதுவதா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அந்தப் பின்னேரம் அவர் திரும்பி வரும்வரை வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வந்த பிறகு சிரித்தோம். நான் வந்த பிறகு எழுதுகிறேன்.]

7

கல்யாணத்துக்கு முதல் நாள், வெயில் சாய்ந்த நேரம், ரபீக்கா படிக்கட்டில் நின்று கூப்பிட்டாள். "அழகுமுத்து! கோல்!" எந்த நாட்டுக் கோல் என்று அவள் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வாள்.

இறங்கிப் போனேன். மேலே குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. தேவாரமும்.

இதுவரை வந்த கோல்களை நான் உங்களிடம் மறைக்கவில்லை: வாழ்த்துக் கோல்கள் சில, மாப்பிள்ளையின் சப்பாத்து அளவு கேட்டு ஒன்று. இந்தக் கோலில் ஒரு பெண் அழுதாள். பிள்ளை பிறந்தாலும் பெண்கள் அழுவார்கள், இறப்புக்கும் அழுவார்கள், லைன் கிடைத்த சந்தோஷத்திலும் அழுவார்கள். அழுது முடித்து அவள் சொன்னதை நான் முழுதாகக் கேட்டேன். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ரிசீவரை வைத்ததும் ரபீக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கதிரையை இழுத்துவிட்டாள்.

நான் மேலே ஏறியபோது மாஸ்டர் படித் தலைப்பில் நின்றார். தண்ணீர் உள்ளே தன்பாட்டில் ஓடியது. தேவாரம் நின்றிருந்தது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதன் இத்தனை நாளும் ஓடியது டொரொன்டோப் பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. வன்னியில் அண்ணன் இருக்கிறார். அங்கே டெலிபோன் இல்லை. அங்கிருந்து ஒரு செய்தி வருவதானால் யாரோ வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கனடாவில் இருக்கும் அண்ணனின் மகன்களுக்குச் சொல்லி, அவர்கள் இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தம்பியைச் சைக்கிள் பாரில் வைத்து மிதித்த அண்ணன். அவரைப் பற்றிக் கேள்விப்படாதவரை அவர் இருக்கிறார். துடக்கு ஒரு சாக்கு.

"ரோங் நம்பர் சார்," என்றேன்.

பத்மாவதி அடுப்படி வாசலுக்கு வந்தாள். "ரோங் நம்பரோட இவ்வளவு நேரம் என்ன கதைச்சனீர்?"

"அவங்களுக்குச் சரியான நம்பர் தேடிக் குடுத்தேம்மா."

மாஸ்டர் தலையாட்டினார். ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். அவர் ஆட்டிக்கொண்டே குளியலறைக்குள் போய்த் தண்ணீரை நிறுத்தினார்.

8

கல்யாணம் நடந்தது. மேளச் சத்தத்தில் தாலி ஏறியது. முடிச்சைப் போட யோகநாதனுடைய அக்கா உதவினாள். பாலேஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தி முதலில் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை, தகப்பனை. பெரியவர்கள் காலில் விழுந்து எழும்பும்போது அவர் காதருகில் சொன்னாள்:

"அப்பா, இனி உங்கட பகுதியில எத்தினை பிறந்தாலும் எனக்குத் துடக்கில்லை. நான் புலம்பெயர்வு."

மாஸ்டர் சபையிலே வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. பத்மாவதி சால்வையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "டென்மார்க்கில இது இல்லை," என்று யோகநாதன் தாலியைக் காட்டி யாரிடமோ சொன்னான். அந்த ஒரு தடவை எனக்கு அவனைப் பிடித்தது.

பந்தியில் சனம் குறைந்த பிறகு மாஸ்டர் கையில் பாயாசக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நேற்று வந்த ரோங் நம்பர்."

"சார்."

"கூட்டலோ, கழித்தலோ?"

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ. கூட்டல். பாரிசில் ஒரு பெண் பிள்ளை. மாஸ்டர் பாயாசத்தை உயர்த்திப் பிடித்து, "என்ர டியூட் பிழை போகேல்லை" என்கிறார். வாசகர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

ஆ. கழித்தல். இதை எழுதிவிட்டு நான் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து வாசித்தபோது வசனங்கள் நன்றாக இருந்தன. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

இ. இரண்டும். ஒரே கோலில், ஒரு பிறப்பும் ஓர் இறப்பும். இயற்கை அதிகரிப்பு பூச்சியம். கணக்குக்கு அழகாக இருக்கிறது. மாஸ்டர் பரீட்சைத் தாளில் இதற்கு முழுப் புள்ளி போடுவார். அண்ணனுக்கு ஈடாக எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை என்பதையும் அவரே பக்கத்தில் எழுதுவார்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். கோலை எடுத்தவன் நான்தான். ஆனால் உங்களுக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. எந்த ஊர், அப்பா பகுதி, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட? மாஸ்டரின் பங்காளிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களும் தமிழ் வாசிப்பார்கள். நான் எழுதி நீங்கள் வாசித்த நேரத்திலிருந்து உங்களுக்குத் துடக்கு. இந்த மாதம் உங்கள் வீட்டிலும் ஒரு பாலேஸ்வரி காத்திருக்கலாம். அவளுடைய கல்யாணத்தைக் குழப்பிய எழுத்தாளன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

ஆகவே எழும்புகிறேன். என் கதிரை காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள். மாஸ்டர் கேட்டுவிட்டார், பதிலுக்காக உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றில் எதைச் சொன்னாலும் அது உங்கள் பொறுப்பு.

கையில் கிண்ணம் இருக்கிறது. அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பாயாசத்தைக் குடித்து முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்.